மிளகு ஏன் சாப்பிடலை?

ஒரு சின்னக் கேள்வி பாஸ். உங்க வீட்டு ட்யூப்லைட்டுக்குப் பின்னாடி ஒரு பல்லி குடியிருக்கும்ல... அது கடைசியா எப்போ சாப்பிட்டுச்சு? தெரியாதுல்ல? எங்க வீட்டுப் பல்லியோட மெனு எனக்கும் தெரியாது. ஆனா, டொரன்டோவுல ஒரு பல்லி 11 நாளா பட்டினி கிடந்தது தெரியும். அதுக்காக நான் தெர்மோடைனமிக்ஸ் க்ளாஸ் கட் அடிச்ச கதைதான் இது. இப்போ சிரிக்காதீங்க, படிச்சு முடிச்சுட்டு சிரிங்க!

என் பெரியம்மா பொண்ணு கனடாவுல மாஸ்டர்ஸ் பண்றா. அவகூட ரூம்ல இருந்த சீனியருக்கு வேற ஊர்ல வேலை கிடைச்சது. கிளம்பும்போது, 'பத்திரமா பார்த்துக்கோ'னு ஒரு கண்ணாடித் தொட்டியைக் கையில கொடுத்துட்டுப் போயிட்டாங்க. உள்ளே, மஞ்சள் உடம்புல கறுப்புப் புள்ளி தெளிச்ச மாதிரி ஒரு லெப்பர்டு கெக்கோ. பெண். புள்ளியைப் பார்த்து அக்கா வெச்ச பேரு, 'மிளகு'.

ஜனவரியில பொங்கலுக்கு அக்கா ஊருக்கு வந்துட்டுத் திரும்பிப் போனா. அந்த மாசக் கடைசியில மிளகு சாப்பாட்டைக் குறைச்சது. அப்புறம் சுத்தமா நிறுத்திடுச்சு. பிப்ரவரியில ஒரு நாள் காலையில ஒன்பதரை மணிக்கு வீடியோ கால். அக்காவுக்கு அங்கே முந்தின நாள் ராத்திரி 11. கண்ணெல்லாம் கலங்கியிருக்கு.

"டேய்... நான் விட்டுட்டுப் போனேன்ல, அந்தக் கோவம்டா அதுக்கு. பூச்சியை மூக்குக்கு நேரா நீட்டினாகூட மூஞ்சியைத் திருப்பிக்குது. உண்ணாவிரதம் இருக்குடா!"

நீங்களா இருந்தாலும் இதைத்தானே நினைப்பீங்க? நாய் அப்படிப் பண்ணும். பூனை பண்ணும். ஹாஸ்டல்லேர்ந்து வீட்டுக்குப் போன் பண்ண மறந்தா அம்மாவே அப்படித்தான் பண்றாங்க. அதனால பல்லியும் கோவிச்சுக்கும்னு நாம முடிவு பண்ணிடுறோம். ஆனா, பல்லிக்கு உண்ணாவிரதம் எல்லாம் தெரியாது. அது சாப்பிடலைன்னா, காரணம் அதோட வயித்துல இருக்கும், இல்லேன்னா தொட்டியில இருக்கும். இது எங்களுக்குப் புரிய ஒரு மாசம் ஆச்சு. அதுக்குள்ள மிளகு உயிருக்கே ஆபத்து வந்துடுச்சு.

பல்லிதான்... ஆனா நம்ம பல்லி இல்லை!

ஆப்கானிஸ்தான், பாகிஸ்தான், நம்ம நாட்டோட வடமேற்குப் பக்கம்... இங்கே இருக்கிற பாறையும் புல்லுமான காய்ஞ்ச பூமிதான் லெப்பர்டு கெக்கோவுக்கு சொந்த ஊர். கல்கத்தாவுல ஆசியாட்டிக் சொசைட்டி மியூசியத்தைப் பார்த்துக்கிட்டு இருந்த எட்வர்டு பிளைத்தான் 1854-ல இதுக்கு அறிவியல் பேரு வெச்சவர். இன்னிக்கு அமெரிக்கா, ஐரோப்பா, கனடானு வீடுகள்ல இது செல்லப் பிராணி. நல்லா பார்த்துக்கிட்டா 15, 20 வருஷம்கூட இருக்கும். அதாவது நீங்க காலேஜ்ல வாங்கினா, உங்க பிள்ளை ஸ்கூலுக்குப் போகும்போதும் அது கூடவே இருக்கும்!

நம்ம வீட்டுப் பல்லிக்கு இமை கிடையாது. நாக்கால கண்ணை நக்கித்தான் துடைச்சுக்கும். இதுக்கு இமை இருக்கு. கண்ணை மூடித் தூங்கும், கண்ணும் சிமிட்டும். கால்ல ஒட்டுற பட்டை கிடையாது, நகம்தான். அதனால சுவர்ல ஏறாது. தலையில விழுமா, தோள்ல விழுமானு பஞ்சாங்கத்தைப் புரட்டுற வேலையே இல்லை! வால் மட்டும் குண்டா முள்ளங்கி மாதிரி இருக்கும். அதுதான் அதோட பேங்க் அக்கவுன்ட். சாப்பாடு கிடைக்கிற காலத்துல கொழுப்பை அங்கே டெபாசிட் பண்ணிட்டு, கிடைக்காத காலத்துல எடுத்து செலவு பண்ணும். வால் குண்டா இருக்கிற கெக்கோ பத்து நாள் சாப்பிடலைன்னா உடனே அலற வேண்டியதில்லை. வால் குச்சியா ஆகுதுன்னா... பேலன்ஸ் காலியாகுதுனு அர்த்தம்.

இப்படி எல்லாம் நெட்ல படிச்சு, க்ளாஸுக்குப் போகாம கேன்டீன்ல உட்கார்ந்து அக்காவைக் குறுக்கு விசாரணை பண்ணினேன். மெக்கானிக்கல் பையன் இல்லையா, முதல் சந்தேகம் ஹீட் மேல! நம்ம உடம்பு 37 டிகிரியில தானா எரியுற அடுப்பு. பல்லிக்கு அடுப்பு வெளியில இருக்கு. தொட்டியோட ஒரு பக்கத் தரை 32, 33 டிகிரி சூடா இருக்கணும். இன்னொரு பக்கம் 25 டிகிரி மாதிரி குளுகுளுனு இருக்கணும். தேவைப்படுற இடத்துக்கு அதுவே நடந்து போய்க்கும். சூடு பத்தலைன்னா தின்னது செரிக்காது. செரிக்காதுனு உடம்புக்குத் தெரியும், அதனால தின்னாது. டொரன்டோ பிப்ரவரி எப்படி இருக்கும்னு யோசிச்சுக்கோங்க!

தொட்டிக் கண்ணாடியில ஒட்டியிருந்த வட்ட மீட்டர் 24-னு காட்டுச்சு. 'ஆஹா, கண்டுபிடிச்சாச்சு'னு குதிச்சேன். ஆனா, அது காட்டினது கண்ணாடியோரக் காத்தோட சூட்டை. கொரோனா சமயத்துல நெத்திக்கு நேரா நீட்டினாங்களே, அந்த மாதிரி ஒரு துப்பாக்கியை ஃப்ரெண்டுகிட்ட கடன் வாங்கி அக்கா தரையை அளந்தா. ஹீட் மேட் மேல 32.5. பாஸ் மார்க்! ஸோ, என் முதல் தியரி அவுட்.

தோல் உரிக்கிற நேரமா? அப்பவும் ரெண்டு மூணு நாள் சாப்பிடாது. உடம்பு வெளுத்துப் போய், பழைய தோலை உரிச்சு அதையே தின்னுடும். அதுவும் இல்லை. மணலைத் தின்னு குடல் அடைச்சுக்கிச்சா? அக்கா தொட்டியில மணலே போடலை, டிஷ்யூ பேப்பர்தான். குடல்ல க்ரிப்டோஸ்போரிடியம்னு ஒரு ஒட்டுண்ணி வரும், வால் குச்சியாகி உடம்பு உருகிடும், அதுவா? மிளகு வால் கும்முனு இருந்துச்சு.

இதுக்கு நடுவுல நடத்தையும் மாறிக்கிட்டே இருந்தது. பகல் முழுக்கக் குகைக்குள்ள தூங்குற ஜீவன், ராத்திரி ஆனா கண்ணாடியைப் பிறாண்டுது. மூலை மூலையா டிஷ்யூ பேப்பரைத் தோண்டுது. கையில எடுத்தா அஞ்சு நிமிஷம் அமைதியா உட்கார்றது, இப்போ வாலை மெதுவா பாம்பு மாதிரி ஆட்டிக்கிட்டுப் பின்வாங்குது. வாலை அப்படி ஆட்டினா, 'கிட்ட வராதே'னு அர்த்தம். அக்கா அதைப் பார்த்துட்டு, "பார்த்தியா, என்னைப் பிடிக்கலை"னு இன்னொரு ரவுண்டு அழுகை.

அம்மா போட்ட குண்டு

அன்னிக்கு ராத்திரி வீட்டு ஹால்ல உட்கார்ந்து அக்காகிட்ட பேசிக்கிட்டு இருந்தேன். அம்மா கீரை ஆய்ஞ்சுக்கிட்டே கேட்டுட்டு இருந்தாங்க. "பல்லிக்குப் போய் இவ்வளவு கான்ஃபரன்ஸா?"னு முதல்ல நக்கல். அப்புறம் அசால்ட்டா, "தோண்டுதுங்கிற, தீனி எடுக்கலைங்கிற... முட்டை வெச்சிருக்கும்டா. எங்க ஊர்ல கோழி இப்படித்தான் இடம் தேடிக் கீறிக்கிட்டுத் திரியும்"னாங்க.

"சித்தி, இது தனியாத்தான் இருக்கு. ஆணே கிடையாது!"னு அக்கா கத்துறா.

"ஏன், கடையில வாங்கி ஆம்லெட் போடுறியே... அந்தக் கோழி எல்லாம் சேவலைப் பார்த்துச்சா?"

பாஸ்... நாலு செமஸ்டர் படிச்ச இன்ஜினீயரும், மாஸ்டர்ஸ் படிக்கிற அக்காவும் வாயை மூடிக்கிட்டோம்.

அம்மா சொன்னது நூத்துக்கு நூறு சரி. லெப்பர்டு கெக்கோ பெண் ஒரு வயசு வாக்குல பருவத்துக்கு வந்துடும். குளிர் காலம் முடியுற நேரத்துல உடம்புக்குள்ள கருமுட்டைகள் வளர ஆரம்பிக்கும். ஆண் பக்கத்துல இருந்தாலும் இல்லாட்டியும்! எல்லாப் பெண்ணும் ஆண் இல்லாம முட்டை போடும்னு இல்லை, ஆனா போடுறதும் நிறைய இருக்கு. அந்தச் சமயத்துல ரெண்டு மூணு வாரம் சாப்பாட்டு மேல ஆசையே இருக்காது. சிலது எதிர்மாறா, கால்சியம் கிண்ணத்தை நக்கிக்கிட்டுப் பூச்சியா முழுங்கும். முட்டை போடுறதுக்குச் சில நாள் முன்னாடி திடீர்னு நிறுத்தும். ஒவ்வொண்ணும் ஒரு மாதிரி.

எப்படிக் கண்டுபிடிக்கிறது? ரொம்ப சிம்பிள். ஒரு கண்ணாடி டப்பாவுல மெதுவா விட்டு, கீழேயிருந்து பாருங்க. வயித்துத் தோல் மெலிசா, உள்ளே இருக்கிறது ஓரளவு தெரியும். இளஞ்சிவப்பா உருண்டை உருண்டையா தெரிஞ்சா, வளர்ற கருமுட்டை. ரெண்டு பக்கமும் நீளவாக்குல வெள்ளையா தெரிஞ்சா, ஓடு போர்த்தின முட்டை. அக்கா மொபைல் டார்ச் அடிச்சுப் பார்த்தா. இளஞ்சிவப்பு உருண்டைகள். மிளகுக்கு யார் மேலேயும் கோவம் இல்லை!

இந்த இடத்துல ஒரு கிளைக்கதை. சொல்லலைன்னா எனக்குத் தூக்கம் வராது. இந்தப் பல்லி ஆணா பெண்ணாங்கிறதை முடிவு பண்றது குரோமோசோம் இல்லை, முட்டை இருந்த இடத்தோட டெம்பரேச்சர்! 26 டிகிரியில பொரிச்சா பெரும்பாலும் பெண். 32.5-ல பொரிச்சா பெரும்பாலும் ஆண். இன்னும் ரெண்டு டிகிரி ஏத்தினா மறுபடியும் பெரும்பாலும் பெண்! டெக்ஸாஸ் யுனிவர்சிட்டியில டேவிட் க்ரூஸோட டீம் இந்தப் பல்லிகளை வருஷக்கணக்கா ஆராய்ச்சி பண்ணியிருக்காங்க. 32.5 டிகிரியில பிறந்த பெண்கள், 26 டிகிரியில பிறந்த பெண்களைவிட முரட்டுத்தனமா இருக்கிறதைப் பார்த்திருக்காங்க. ஸோ, 'என் ஃப்ரெண்டோட கெக்கோ பூனைக்குட்டி மாதிரி இருக்கு, என்னோடது மட்டும் ஏன் கடிக்க வருது'னு வருத்தப்படுறதுல அர்த்தமே இல்லை. அது முட்டைக்குள்ள இருக்கும்போதே எழுதின ப்ரோக்ராமாகூட இருக்கலாம்!

ஒரு கிராம் கணக்கு

முட்டைதான்னு தெரிஞ்சாச்சு. ஆனா, சாப்பிடாம இருக்கிறது நார்மலா, ஆபத்தானு எப்படித் தெரியும்? இங்கேதான் நான் உருப்படியா ஒரு காரியம் பண்ணினேன். "அக்கா, உன்கிட்ட கிச்சன் தராசு இருக்குல்ல?"

கேக் செய்ய மைதா அளக்கிற தராசு. அது மேல ஐஸ்க்ரீம் டப்பா, டப்பாவுக்குள்ள மிளகு. சீனியர் கொடுத்த நோட்டுல ஜனவரிக் கடைசி எடை 64 கிராம்னு எழுதியிருந்தது. இப்போ 61. மூணு கிராம் குறைஞ்சது, நூத்துக்கு அஞ்சு பங்குகூட இல்லை. வாரா வாரம் ஒரே நாள், ஒரே நேரம் எடை போடச் சொன்னேன். நூத்துக்குப் பத்துக்கு மேல இறங்கினா டாக்டர். இதுதான் எங்க ஒப்பந்தம். அக்கா அழறதை நிறுத்தினது அன்னிக்குத்தான். ஏன்னா, கோவத்துக்குத் தராசு கிடையாது. பசிக்கு இருக்கு.

அடுத்தது பிரசவ வார்டு ரெடி பண்ற வேலை. மிளகு மூலை மூலையா தோண்டினதுக்குக் காரணம், ஈரமான மண் தேடுனது. இடம் பிடிக்கலைன்னா முட்டையை உள்ளேயே அடக்கி வெச்சுக்கும். அதுதான் ரொம்ப டேஞ்சர். ஒரு மூடி போட்ட ப்ளாஸ்டிக் டப்பா, பக்கவாட்டுல மிளகு நுழையுற அளவு ஓட்டை, உள்ளே ஈரமான தென்னை நார்க்கழிவு நாலு விரக்கடை உயரத்துக்கு. பிழிஞ்சா தண்ணி சொட்டக் கூடாது, ஆனா கையில ஈரம் ஒட்டணும். அவ்வளவுதான். அக்கா வாங்கின நார்க்கழிவு பாக்கெட்ல ஸ்ரீலங்கானு போட்டிருந்ததாம். எந்த ஊர்த் தென்னைமரம், எந்த ஊர்ப் பல்லிக்குத் தொட்டில் கட்டுது பாருங்க!

கிரிக்கெட் பூச்சி மேல கால்சியம் பவுடர் தூவுறதை நிறுத்தக் கூடாது. பூச்சிகள்ல பாஸ்பரஸ் ஜாஸ்தி, கால்சியம் கம்மி. முட்டை ஓட்டுக்கு கால்சியம் வேணும், முட்டையை வெளியே தள்ளுற தசைக்கும் வேணும். பத்தலைன்னா தன்னோட எலும்புலேர்ந்து உருவும். மிளகு ஒண்ணு ரெண்டு பூச்சிதான் தின்னுச்சு, ஆனா கால்சியம் கிண்ணத்தை மட்டும் நக்கிட்டுப் போச்சு.

ரெண்டாவது முட்டை

மார்ச் முதல் வாரம். மூணு ராத்திரி டப்பாவுக்குள்ள தோண்டோ தோண்டுனு தோண்டிட்டு, நாலாவது நாள் காலையில ஒரு முட்டை. வெள்ளையா, நீளமா, தொட்டா தோல் மாதிரி மெத்துனு. நம்ம வீட்டுக் காலண்டர் பின்னாடி கிடைக்குமே பல்லி முட்டை, அது கடினமா உடையும். இது அப்படி இல்லை. அக்கா ஃபோட்டோ அனுப்ப, ஃபேமிலி குரூப்ல ஒரே ஸ்வீட் ஸ்டிக்கர் மழை. பெரியப்பா 'வாழ்த்துகள்'னு போட்டார். யாருக்குனு தெரியலை!

இப்போ நான் பண்ணின தப்பைச் சொல்றேன். இந்தப் பல்லி வழக்கமா ஒரு தடவைக்கு ரெண்டு முட்டை போடும். பெரும்பாலும் ரெண்டும் அடுத்தடுத்து வந்துடும். மிளகு வயித்துல இன்னொரு வெள்ளை நிழல் தெரியுதுனு அக்கா சொன்னா. எடை 57. நான் பெரிய டாக்டர் மாதிரி, "வெயிட் பண்ணுக்கா, வந்துடும்"னேன். ஒரு நாள் போச்சு. ரெண்டு நாள் போச்சு. நான் இன்டர்னல் எக்ஸாம்ல பிஸி. மூணாவது நாள் அக்கா அனுப்பின வீடியோவுல மிளகு தரையோட தரையா படுத்திருக்கு. கண்ணு உள்ளே போயிருக்கு. முக்குது, ஒண்ணும் வரலை. எடை 55.

64-லேர்ந்து 55. வெளியே வந்த முட்டை நாலு கிராம்னு வெச்சாலும், மீதி அஞ்சு கிராம் உடம்புலேர்ந்து போயிருக்கு. வெளியே போட்ட நாலையும், உள்ளே இருக்கிற முட்டையோட எடையையும் நான் கணக்குல எடுத்துக்கவே இல்லை. பத்து பர்சன்ட் ரூல் போட்டவனே அதை அப்ளை பண்ண மறந்துட்டேன். எக்ஸாம்ல மார்க் போனா அரியர் எழுதலாம். இதுக்கு?

ஒரு நல்ல விஷயம், அக்கா யாரையும் கேட்காம எண்ணெய் தடவி அமுக்கிப் பார்க்கலை. நெட்ல அப்படி ஒரு ஐடியா சுத்துது. தயவுசெஞ்சு பண்ணிடாதீங்க. உள்ளேயே முட்டை உடைஞ்சா கதை முடிஞ்சது. ஊர்வன பார்க்கிற டாக்டரைத் தேடிப் பிடிச்சு, துணி சுத்தின டப்பாவுல மிளகை வெச்சு, வெந்நீர் பாட்டிலை அணைச்சுக்கிட்டு பனியில ஓடியிருக்கா. எக்ஸ்ரேயில ஒரு முட்டை, பாதி வழியில. உடம்புல நீர்ச்சத்து இல்லை. ட்ரிப்ஸ் மாதிரி தோலுக்கடியில திரவம், கால்சியம் ஊசி. "48 மணி நேரம் பார்க்கலாம். வரலைன்னா ஆபரேஷன்"னு சொல்லிட்டாங்க. பில், அக்காவோட ஒரு மாச மளிகைச் செலவு. அவ பெரியம்மாகிட்ட அந்தத் தொகையை இன்னும் சொல்லலை. நீங்களும் சொல்லிடாதீங்க.

ரெண்டாவது ராத்திரி முட்டை வந்துடுச்சு. கொஞ்சம் மஞ்சளா, நசுங்கி. எங்களுக்கு அதுவே தங்க முட்டை.

டார்ச் அடிச்சுப் பார்த்தா ரெண்டுலயும் சிவப்பு நரம்பு எதுவும் இல்லை, வெறும் மஞ்சள் வெளிச்சம். கரு இல்லாத முட்டை, எதிர்பார்த்ததுதான். சில பெண்களுக்கு முட்டை வெளியே வர்றதுக்கு முன்னாடி ஸ்டேஜ்லயே சிக்கல் வரும்னு டாக்டர் சொல்லியிருக்காங்க. கருமுட்டை வளர்ந்து, ஓடும் போர்த்தாம, உடம்புக்குள்ள கரைஞ்சும் போகாம அப்படியே தேங்கிடும். வெளியேயிருந்து பார்த்தா 'சாப்பிடலை, மந்தமா இருக்கு'ங்கிற அதே கதைதான். ஸ்கேன் பண்ணித்தான் தெரியும், சில சமயம் சினைப்பையையே எடுக்க வேண்டி வரும். அதனால வாரக்கணக்கா உருண்டை தெரிஞ்சுக்கிட்டே இருந்து, எடையும் இறங்கினா, 'சீசன்தானே'னு விட்டுடக் கூடாது. ஒரே சீசன்ல மூணு நாலு வாரத்துக்கு ஒரு தடவை திரும்பத் திரும்ப முட்டை வைக்கலாம்ங்கிறதால, டப்பாவையும் எடுக்கக் கூடாது.

இதைப் படிச்சுட்டு யாராவது 'மச்சி, நாமளும் ஒண்ணு வாங்கலாம்டா'னு கிளம்பினா... கொஞ்சம் நில்லுங்க. இது நம்ம நாட்டுக் காட்டுலயும் வாழ்ற இனம். வனத்துறை விதி என்னனு தெரிஞ்சுக்காம யார் விற்கிறாங்கனு அலையாதீங்க. அப்புறம், ஹாஸ்டல் ரூம்ல கரன்ட் போனா ஹீட் மேட் என்ன ஆகும், உங்க ஊர்ல பல்லிக்கு எக்ஸ்ரே எடுக்கிற டாக்டர் யாருனு ரெண்டு கேள்விக்கும் பதில் ரெடி பண்ணிக்கோங்க.

முட்டை போட்ட மறுநாள் மிளகு 50 கிராம். அடுத்த வாரம் ஒரே மூச்சுல ஆறு கிரிக்கெட் பூச்சி. மே மாசம் 60. இப்போ அக்கா வீட்டு ஃப்ரிட்ஜ் மேல ஒரு சார்ட் ஒட்டியிருக்கா. தேதி, எடை, எத்தனை பூச்சி, வயித்துல என்ன தெரியுது. மூடுனு ஒரு காலம் போடலாமானு கேட்டா, வேண்டாம்னு சொல்லிட்டேன்.

ஞாயித்துக்கிழமை எடை போட்ட உடனே நம்பர் வந்துடும். பல்லிக்குப் போய் கான்ஃபரன்ஸானு கேட்ட எங்கம்மா, கண்ணாடியை மாட்டிக்கிட்டு முதல் ஆளா அதைத்தான் பார்க்கிறாங்க. என் இன்டர்னல் மார்க் என்னனு இன்னும் கேட்கலை.